உருக்குத் தண்டும் கிரஃபைற் தண்டும்: கொல்ஃப் மட்டைத் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

கொல்ஃப் விளையாட்டு குடியேற்ற ஆட்சியாளருடன் இலங்கைக்கு வந்தது. கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் அதற்கான கழகங்கள் தோன்றின. அதன் வர்க்கப் பின்னணியை எவரும் மறுத்தற்கில்லை. எனினும், ஓர் ஆட்டம் எவருடையது என்னும் வினா வேறு. அவ்வாட்டத்தின் கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது என்னும் வினா வேறு. இரண்டாவது வினாவை ஆராயுமிடத்து, விஞ்ஞானத்தின் பெயரால் வழங்கும் கருத்துக்களுள் எவை விஞ்ஞானம், எவை வெறும் சமூக வழக்கு என்று பிரித்தறியும் வாய்ப்பும் கிடைக்கின்றது.

‘அயன்’ எனப்படும் இரும்புத்தலை மட்டைகளுக்கு உருக்குத் தண்டு உகந்ததா, கிரஃபைற் தண்டு உகந்ததா என்பது அத்தகையதொரு வினா. வழக்கிலுள்ள விடை யாவரும் அறிந்ததே: வலிமையும் தேர்ச்சியும் வாய்ந்த ஆடவர்க்கு உருக்கு, பெண்களுக்கும் முதியோர்க்கும் கிரஃபைற். இவ்விடை எந்த அளவிற்கு ஆதாரமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் பொருளும்

முதற்கண் பெயர் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கிரஃபைற் என்றதும் இலங்கை வாசகர் மனத்தில் தோன்றுவது போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் அகழப்படும் காரீயம். காபன் அணுக்கள் படை படையாக அமைந்து, படைகள் ஒன்றன்மேலொன்று எளிதில் வழுக்குவதனாலேயே அது மென்மையாகவும் எழுதுகோலுக்கு ஏற்றதாகவும் உள்ளது. கொல்ஃப் தண்டிலுள்ள பொருள் இதுவன்று. பொலிஅக்கிரைலோநைத்திரைல் என்னும் செயற்கை நாரை முதலில் காற்றிலும், பின்னர் ஒட்சிசன் இல்லாத சூழலில் 1000 பாகை சதமத்திற்கு மேலும் சூடாக்கிப் பெறப்படும் காபன் நாரே அது. இங்கும் காபன் படைகள் உள; ஆயின் அவை நாரின் நீளப்பாட்டிற்கு இசைய ஒழுங்குபட்டுள்ளன. ஆகவே நீளவாட்டில் இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் மிகப் பெரிது. இந்நார்களை எப்பொக்சிப் பிசினில் தோய்த்து இறுகச் செய்த கூட்டுப்பொருளுக்கே வணிக உலகம் கிரஃபைற் என்று பெயரிட்டது.

2. மரம், உருக்கு, நார்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டுகள் பெரும்பாலும் வட அமெரிக்க ஹிக்கறி மரத்தால் ஆனவை. ஒரு மரத்தண்டைப் போல் மற்றொன்று அமையாது. ஒவ்வொன்றும் வெவ்வேறளவு வளையும், வெவ்வேறளவு முறுகும். கைவினைஞன் தண்டைச் சீவித் திருத்த, ஆட்டக்காரன் மட்டைக்கேற்பத் தன் வீச்சைத் திருத்திக்கொண்டான்.

உருக்குத் தண்டிற்கு 1910ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஆதர் நைற் காப்புரிமை பெற்றார். ஆயினும் ஆட்டத்தின் விதிகளை வகுத்தோர் அதனை உடனே ஏற்கவில்லை. அமெரிக்கச் சங்கம் 1920களின் நடுப்பகுதியில் இசைந்தது. ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் கழகமோ 1929ஆம் ஆண்டிலேயே இசைந்தது. 1930ஆம் ஆண்டில் பொபி ஜோன்ஸ் நான்கு பெரும் போட்டிகளையும் ஹிக்கறித் தண்டுகளைக் கொண்டே வென்றார். அடுத்த ஆண்டிலேயே பில்லி பேர்க் உருக்குத் தண்டுகளுடன் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார். உருக்கு நிலைபெற்றதும், ஒரே இயல்புடைய தண்டுகளைத் தொழிற்சாலையில் தொகையாக உற்பத்தி செய்தல் இயல்வதாயிற்று. ‘மாஷி’, ‘நிப்ளிக்’ என்ற பழம்பெயர்கள் மறைந்து, மட்டைகள் எண்களால் வழங்கத் தொடங்கியதும் இம்மாற்றத்தோடு சேர்ந்ததே.

காபன் நார் 1960களின் முற்பகுதியில் யப்பானில் அக்கியோ ஷிண்டோ மேற்கொண்ட ஆய்வுகளாலும், இங்கிலாந்தின் பாண்பரோ அரச வானூர்தி நிறுவனத்தில் நிகழ்ந்த ஆய்வுகளாலும் பயன்பாட்டு நிலையை எய்தியது. விமானத்திற்கும் படைத்துறைக்குமென வளர்க்கப்பட்ட இப்பொருளைக் கொண்டு 1969ஆம் ஆண்டளவில் ஃபிராங்க் தோமஸ் என்னும் பொறியியலாளர் கொல்ஃப் தண்டை உருவாக்கினார். தொலைவையே முதன்மையாக நாடும் மரத்தலை மட்டைகளில் அது காலப்போக்கில் உருக்கை முற்றாகவே வென்றது. அயன்களில் மட்டும் போட்டி இன்றும் முடியவில்லை. இதற்குரிய காரணத்தை அயனின் பணியிற் காணலாம். அயன் மிகத் தொலைவிற்கு அடிப்பதற்கன்று; குறித்த தொலைவில் பந்தை மீண்டும் மீண்டும் வீழ்த்துவதற்கே உரியது.

3. பௌதிகம் கூறுவது

உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், காபன் கூட்டுப்பொருளினது ஏறத்தாழ 1.6 கிராம். ஆதலால் அயனுக்குரிய உருக்குத் தண்டுகள் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரையும், கிரஃபைற் தண்டுகள் 50 முதல் 95 கிராம் வரையும் அமைகின்றன. சில கிரஃபைற் தண்டுகள் வேண்டுமென்றே இதனினும் பாரமாகச் செய்யப்படுகின்றன.

இவ்வேறுபாடு வீச்சின் வேகத்தை எவ்வளவு மாற்றும்? ஏழாம் இலக்க அயனின் தலை ஏறத்தாழ 270 கிராம். பிடி 50 கிராம். தண்டு 120 கிராம் எனின் மொத்தம் 440 கிராம். தண்டு 65 கிராம் எனின் 385 கிராம். மொத்தத் திணிவு எட்டிலொரு பங்கு குறைகின்றது. ஆயின் சுழற்சியைத் தடுப்பது மொத்தத் திணிவன்று, சடத்துவத் திருப்பமேயாகும். அது தூரத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், கோலின் நுனியிலுள்ள தலையே அதிற் பெரும்பங்கு வகிக்கின்றது. தண்டைச் சீரான கோலாகக் கொண்டு கணித்தால், பிடியைப் பற்றிய சடத்துவத் திருப்பம் ஏறத்தாழ 6 வீதமே குறைகின்றது. எனவே இலேசான தண்டினாற் பெறும் வேகம் விளம்பரங்கள் கூறுமளவிற்குப் பெரிதன்று. கிரஃபைற் அயன்கள் வழக்கமாக அரை அங்குலம் நீளமாகச் செய்யப்படுவதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தொலைவு கூடினால் அதில் ஒரு பகுதி நீளத்தினால் வந்தது, பொருளினால் வந்ததன்று.

இரண்டு பொருள்களுக்குமிடையே இதனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. உருக்கு எத்திசையிலும் ஒரே இயல்புடையது. அதன் விறைப்பை மாற்ற விட்டத்தையோ சுவர்த் தடிப்பையோ மாற்ற வேண்டும்; அப்போது திணிவும் உடன் மாறும். சுவரை மிக மெலியச் செய்தால் குழாய் நசுங்கும். காபன் நாரோ தான் கிடக்கும் திசையில் மட்டுமே வலிமையுடையது. நீளவாட்டில் இட்ட படைகள் வளைவைத் தடுக்கும். 45 பாகையிற் சாய்த்து இட்ட படைகள் முறுக்கத்தைத் தடுக்கும். ஆகவே திணிவு, வளைவு, முறுக்கம் ஆகிய மூன்றையும் பெருமளவிற்குத் தனித்தனியே வகுத்துக்கொள்ளலாம். இச்சுதந்திரமே கிரஃபைற்றின் உண்மையான சிறப்பு.

அச்சுதந்திரமே அதன் இடரும் ஆகும். ஓரடி-இறாத்தல் திருப்பத்தைப் பிரயோகித்தால் உருக்குத் தண்டு பெரும்பாலும் 2 பாகையை அண்டியே முறுகும். கிரஃபைற் தண்டு 2 பாகையும் முறுகலாம், 5 பாகையும் முறுகலாம். “கிரஃபைற் தண்டு முறுகும், பந்து திசைமாறும்” என்ற பழைய குற்றச்சாட்டு மலிவான தண்டுகளைப் பொறுத்தவரை உண்மையே. நன்கு வகுக்கப்பட்டவற்றிற்குப் பொருந்தாது. மேலும், தண்டின்மீது பொறிக்கப்படும் ‘றெகுலர்’, ‘ஸ்ரிஃப்’ என்ற விறைப்புக் குறிகளுக்குத் தொழிற்றுறை முழுவதற்குமான பொது நியமம் இல்லை. ஒரு நிறுவனத்தின் ‘றெகுலர்’ மற்றொன்றின் ‘ஸ்ரிஃப்’ ஆகலாம்.

4. கையுணர்வும் வலியும்

உருக்கை ஆதரிப்போர் பெரிதும் வலியுறுத்துவது ‘உணர்வு’. தலைக்கும் பந்துக்குமிடையிலான தொடுகை ஏறத்தாழ அரை மில்லிசெக்கனே நீடிக்கின்றது. தாக்கத்தின் அதிர்வைக் கை உணர்ந்து எதையேனும் திருத்துமுன் பந்து சென்றுவிடும். ஆகவே உணர்வு அந்த அடியை மாற்றுவதில்லை. எனினும் அது பயனற்றதன்று: அடி தலையின் நடுவிற் பட்டதா, ஓரத்திற் பட்டதா என்று அறிவித்து அடுத்த அடிக்கு ஆசானாகின்றது. உருக்கு இச்செய்தியைத் தெளிவாகக் கடத்துகின்றது. பிசின் கலந்த கூட்டுப்பொருள் அதிர்வை விரைந்து தணிக்கின்றது.

இதே தணிப்பு, முழங்கையிலும் மணிக்கட்டிலும் நோவுடையோர்க்கு ஆறுதலாகும். அயன் பந்தோடு நிலத்தையும் தாக்கும் மட்டையாதலால் இது சிறிய விடயமன்று. ஆனால் தண்டை மாற்றுவதே சிகிச்சை என்று கொள்ளுதல் தவறு. ‘கொல்ஃப் முழங்கை’ எனப்படும் தசைநாண் நோவு, மீண்டும் மீண்டும் ஏற்படும் சுமையால் விளைவது. இறுகப் பற்றுதலும் ஓய்வின்மையும் திருந்தாதவிடத்துத் தண்டு மட்டும் அதனைத் தீர்க்காது.

5. உழைப்பும் விலையும்

உருக்குத் தண்டு குழாயாக இழுக்கப்பட்டு, படிப்படியாக ஒடுக்கப்பட்டு, வெப்பப் பதனிடலும் குரோமிய முலாமும் பெற்று, பெரும்பாலும் பொறிகளாலேயே உருவாகின்றது. கிரஃபைற் தண்டின் கதை வேறு. பிசின் தோய்ந்த நார்த்தாள்களைக் குறித்த கோணத்தில் வெட்டி, உருக்குக் கம்பியொன்றின்மீது சுற்றி, நாடாவால் இறுக்கி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவியெடுத்துத் தேய்க்க வேண்டும். இவ்வேலையிற் பெரும்பகுதி இன்றும் கைவேலையே. அத்தொழிற்சாலைகள் பல வியட்நாம், வங்காளதேசம் முதலிய நாடுகளில் உள்ளன. தாளின் கோணம் சிறிது பிறழ்ந்தாலும் தண்டின் இயல்பு மாறும். ‘விண்வெளி யுகத்தின் பொருள்’ எனப் போற்றப்படுவது, பெயர் அறியப்படாத தொழிலாளரின் கைத்திறனில் தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொதுவாகக் கிரஃபைற் விலை கூடியது. உருக்கு உட்புறம் துருப்பிடிக்கலாம். எனினும் உருக்கி மீளப் பயன்படுத்தலாம். கிரஃபைற் துருப்பிடிக்காது, ஆனால் பையின் விளிம்பில் உராய்ந்து நார் அறுபட்டால் திடீரென ஒடியும். இறுகிய எப்பொக்சியை மீள உருக்குதலும் இயலாது.

6. தெரிவு

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? தண்டைத் தெரிபவர் முதலிற் காணவேண்டியது திணிவு, அடுத்து விறைப்பு, பின்னர் முறுக்கம், பொருளின் பெயர் இறுதியிலேயே. ஒரே தலை, ஒரே நீளம், ஒரே பிடி என அமைத்து இருவகைத் தண்டாலும் இருபது இருபது பந்துகளை அடித்துப் பார்த்தல் தக்கது. மிகத் தொலைவு சென்ற பந்தை எண்ணி மகிழாது, பந்துகள் வீழ்ந்த பரப்பு எதிற் சிறிது என்று நோக்க வேண்டும். பதினைந்தாம் பந்திற்குப் பின் உடல் தளர்ந்து வீச்சுப் பிறழ்ந்தால் தண்டு பாரமானது. தலை எங்குள்ளதென்றே கைக்குத் தெரியாமல் வீச்சு விரைந்தால் தண்டு இலேசானது. நீண்ட அயன்களில் கிரஃபைற்றும் குறுகியவற்றில் உருக்கும் கொள்வதிலும் முரண்பாடில்லை.

தொழில்முறை ஆட்டக்காரருட் பெரும்பாலோர் அயன்களில் இன்றும் உருக்கையே கையாள்கின்றனர். அவர்களது உடல்வலிமைக்கும் நாள்தோறும் செய்யும் பயிற்சிக்கும் அப்பாரம் பொருந்துகின்றது. ஆயின் 2020ஆம், 2024ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றவரும், மிகுந்த உடல்வலிமைக்குப் பேர்பெற்றவருமான பிறைசன் டிசாம்போ கிரஃபைற் அயன்களையே கையாண்டார். கிரஃபைற் மெலியோர்க்குரியது என்ற கூற்றை மறுக்க இவ்வொன்றே போதும்.

உடல்வலிமை, வீச்சின் வேகம், மூட்டுக்களின் நிலை, கையிலுள்ள பணம் ஆகியன மனிதர்க்கு மனிதர் வேறுபடுவன. ஆண், பெண், முதியோர் என்ற விற்பனைப் பிரிவுகள் இவற்றை அளப்பதில்லை, மறைக்கவே செய்கின்றன. வலிய கையுடைய பெண்ணுக்கு இலேசான தண்டும், நோவுற்ற முழங்கையுடைய இளைஞனுக்குப் பாரமான தண்டும் கொடுக்கப்படுவது அளவீட்டின் முடிவன்று, வழக்கின் முடிவு. மாற்ற வேண்டியது அவ்வழக்கையே.