கரந்ததைக் காண்டல்

மறைந்துள்ள பொருளைத் தேடிக் காண்பதில் மக்கட்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. தாய் முந்தானையால் முகத்தை மறைத்துப் பின் காட்டுங்கால் தவழுங் குழந்தையும் நகைக்கின்றது. அவ்வின்பத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவையே, ஒரு படத்தினுள் பல பொருள்களை ஒளித்துவைத்துச் சிறுவரைத் தேடச் செய்யும் படவிளையாட்டுகள். அவை வெறும் பொழுதுபோக்கே எனக் கருதுவாரும் உளர். அவை கண்ணின் வழியே கருத்தைப் பயிற்றுவன என்பதை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

தமிழ்நாட்டுச் சிறுவர்க்கு இவ்வகை ஆட்டம் புதிதன்று. கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை அறியாதார் யார்? இருவர் எதிரெதிர் அமர்ந்து மணலை நீண்ட கரையாகக் குவிப்பர். ஒருவர் சிறு குச்சியை விரல்களிடையே பற்றி, பாடிக்கொண்டே அக்கரையினுள் முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரிடத்தில் விட்டுவிடுவர். மற்றவர் இரு கைகளையுங் கோத்து, குச்சி உள்ளதெனத் தாம் கருதும் இடத்தைப் பொத்துவர். மணல் எங்கும் ஒரு தன்மைத்து. அதனை நோக்குவதாற் பயனில்லை. ஒளிப்பவர் விரல் எங்கே தயங்கிற்று, கண் எவ்விடத்தை நோக்க அஞ்சிற்று என்பவற்றையே நோக்கல் வேண்டும்.

படத்திலோ ஒளித்தவர் எதிரில் இரார். ஆகலின் உழைப்பு முழுதும் கண்ணுக்கே. அவ்வுழைப்பின் இயல்பை ஆன் டிரீஸ்மன் என்னும் உளநூலறிஞர் உடனாய்வாளர் ஒருவருடன் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். பச்சை இலைகளினிடையே ஒரே செம்மலர் இருப்பின், இலைகள் பத்தாயினும் நூறாயினும் மலர் உடனே கண்ணிற் படும். செவ்விலைகளும் பச்சை மலர்களும் விரவியவிடத்து ஒரு செம்மலரைக் காண்டலோ அரிது. நிறத்தால் இலையையும் வடிவத்தால் மலரையும் அஃது ஒத்திருத்தலின், ஒவ்வொன்றாகப் பார்த்தே செல்லல் வேண்டும். பொருள்கள் பெருகுந்தோறும் காலமும் பெருகும். 1987-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வாலி எங்கே?' என்னும் நூலில் ஓவியர் மார்ட்டின் ஹாண்ட்ஃபோர்டு இந்நுணுக்கத்தையே கையாண்டார். சிவப்பும் வெள்ளையுமாகிய கோடுடைய சட்டையணிந்த வாலியைச் சுற்றி, அத்தகைய கோடுடைய பிறபொருள்களையும் தூவிவைத்தார்.

ஏழாம் நூற்றாண்டிலேயே நம் சிற்பிகள் இதனை அறிந்திருந்தனர். மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என வழங்கும், ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள பாறைச் சிற்பத்தில் தேவரும் முனிவரும் விலங்குகளும் நெருங்கியுள்ளனர். பெரிய யானையினருகே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவஞ்செய்கின்றது. எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. மேலே நிற்கும் தவசியின் நிலையையே அதுவும் மேற்கொண்டமையின், விரைந்து செல்வார் அதனைக் காணாதே போவர். கண்டார்க்கோ, அப்போலித் தவம் நகையை விளைத்து, சிற்பம் முழுவதையும் மீண்டும் நோக்கச் செய்கின்றது.

சொல்லிலும் இவ்வாட்டம் உண்டு. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும், ஒரு பாட்டின் எழுத்துக்களினுள் மற்றொரு பாட்டை மறைத்துவைப்பன. எழுத்தெண்ணிப் படிப்பார்க்கன்றி அஃது அகப்படாது.

இனி, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிச் சிறுவரை நினைப்போம். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கிச் செல்லும் கடல்மணல் தடைப்பட்டது. தென்புறத்தே மெரீனா அகன்றது. வடபுறத்தே கடல் கரையை அரித்தது. கரையைக் காக்கக் கருங்கற்கள் குவிக்கப்பட்டன. மணல் சுருங்கிய இடத்தில் மணலாட்டமும் சுருங்காதோ? இன்று கைப்பேசித் திரையிலும் படவிளையாட்டு உண்டு. பொருள் அகப்படாவிடின், பலவற்றில் ஒரு குறியைத் தொட்ட அளவிலே அது தானே ஒளிரும். தேடும் துன்பம் நீங்குகின்றது. காணும் இன்பமும் உடன் நீங்குகின்றது. வெள்ளிக்காசை இழந்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டபின் அண்டை அயலாரை அழைத்து மகிழ்ந்தாள் என்பது நம் ஆண்டவர் உரைத்த உவமை. தேடாமலே கிடைத்திருப்பின் எவரை அழைத்திருப்பாள்?

ஆதலின், ஞாயிறு பள்ளிகளிலும் மாலை வகுப்புகளிலும் கற்பிக்கச் செல்லும் மாணவ நண்பர்கள் ஒரு பெருந்தாளும் கரிக்கோலும் கொண்டு செல்வாராக. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தை அதில் வரைக. வலைமடிப்பினிடையே ஒரு நண்டும், கயிற்றுச் சுருளினிடையே ஒரு பாம்பும், கொடிமரங்களினிடையே ஒரு தூண்டிற்கோலும் வைக்க. இளையோர்க்குச் சில பொருள்களும் மூத்தோர்க்குப் பல பொருள்களும் போதும். இருவராகத் தேட விடுக. விடையை அடியில் எழுதாதொழிக.

இங்ஙனம் பயின்ற கண் படத்தோடு நில்லாது. தன் ஊரையும் தேடிப் பார்க்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றின் நிறத்தோடு ஒன்றியிருக்கும் நண்டையும் அது காணும். அந்நீரிற் படிந்துள்ள அனல்மின் நிலையச் சாம்பலையும் அது காணும்.