சேமித்த விதைக்கு வழக்கு வருமா?

அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்து, அடுத்த பட்டத்துக்கு ஒரு மூட்டை எடுத்து வைக்கிறீர்கள். அந்த ரகத்தின் உரிமை ஒரு கம்பெனியிடம் இருந்தால், அதை விதைப்பது தவறா? கூட்டங்களுக்குப் போனால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்.

அமெரிக்காவில் தவறுதான். மான்சான்டோவின் காப்புரிமை பெற்ற சோயாவை, விளைச்சலிலிருந்தே விதை எடுத்துத் திரும்பத் திரும்பப் பயிரிட்டார் இண்டியானா விவசாயி வெர்னன் போமன். 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் விதைக்கும் செடிக்கும் காப்புரிமை கிடையாது. பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையோ, தனிச்சட்டமோ தர வேண்டும் என்றது உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம். இந்தியா தனிச்சட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். புது ரகத்தை உருவாக்கியவருக்கு வயல் பயிர் என்றால் 15 ஆண்டு, மரம், கொடி வகை என்றால் 18 ஆண்டு உரிமை. அதே சட்டத்தின் 39-வது பிரிவு, விளைந்ததைச் சேமிக்க, மறுபடி விதைக்க, அண்டை அயலாருடன் மாற்றிக்கொள்ள, ஏன், விற்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட இன்ன ரகம் என்று லேபிள் ஒட்டி, பையில் அடைத்து விதையாக விற்கத்தான் கூடாது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் 2019-ல் வழக்கு வந்தது. குஜராத்தில் 'எஃப்.எல். 2027' உருளைக்கிழங்கு பயிரிட்ட விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டு, நான்கு பேரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் வாபஸ் வாங்கியது. விவசாயிகளுக்கு நிம்மதிதான். ஆனால், அந்த வழக்குகளில் 39-வது பிரிவுக்கு நீதிமன்றம் விளக்கம் சொல்லும் வாய்ப்பும் போய்விட்டது. அந்த ரகத்தின் பதிவு 2021-ல் ரத்தானது; 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஒரு ரகத்துக்காகச் சக விஞ்ஞானிகள் எத்தனை ஆண்டு உழைக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அந்த உழைப்புக்கு உரிமை வேண்டும். அதற்காக உழவரின் விதை மூட்டையில் கைவைக்கக் கூடாது. நம் சட்டம் இரண்டுக்கும் இடம் வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுக்காதீர்கள். சட்டம் தடுக்காது; ஆனால் அடுத்த தலைமுறைப் பயிர் ஒரே சீராக வராது, மகசூல் குறையும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இதே பிரிவில் இருக்கிறது. பதிவு பெற்ற ரகம், சொன்ன சூழலில் சொன்னபடி விளையாவிட்டால், பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்திடம் நீங்கள் இழப்பீடு கேட்கலாம். ஆகவே விதைப் பை, லேபிள், ரசீது மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.