சுவருக்குள் ஒரு கூண்டு

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில், தேஜு ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி 'பைஷா' என்றொரு கடைவீதிப் பகுதி இருக்கிறது. அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல நேர்நேரான தெருக்கள். கட்டடங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே முகம். சுற்றுலா வருபவர்கள் அந்த ஒழுங்கைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் சொல்ல வந்த சங்கதி சுவருக்கு உள்ளே இருக்கிறது.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. காலை பத்து மணிக்குச் சற்று முன்பு, தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில், பூமி நிமிடக்கணக்கில் குலுங்கியது. பீடத்து மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் சாய்ந்து பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. திறந்த வெளிதான் பத்திரம் என்று ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள்மீது, முக்கால் மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை ஏறியது.

அரசர் முதலாம் ஜோசே அதற்குப் பிறகு கல் கூரைக்கு அடியில் தங்க மறுத்துவிட்டார். அஜூதா மேட்டில் மரத்தால் அரண்மனை போட்டுக் கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். நகரத்தை எழுப்பும் பொறுப்பு அமைச்சர் பொம்பாலிடமும், எண்பதை நெருங்கிய தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயாவிடமும் வந்தது. பழையபடியே கட்டலாமா, தெருக்களை மட்டும் அகலப்படுத்தலாமா, மேற்கே பெலேம் பக்கம் புது நகரமே போடலாமா என்று கிழவர் ஒவ்வொரு வழியையும் எழுதிவைத்தார். இடிபாட்டை நிரவி, அதே இடத்தில் புதிதாகக் கோடு போடுவது என்று முடிவாயிற்று. வரைபடம் தயாராகும்வரை யாரும் தன் மனையில்கூடக் கட்டக் கூடாது என்று உத்தரவு. இன்றைக்கு எந்த அரசுக்கு இந்தத் துணிச்சல் வரும்!

பெரிய தெருக்களின் அகலம் 60 சாண், அதாவது சுமார் 13 மீட்டர். அடியில் கழிவுநீர் வாய்க்கால். பொன் வேலைக்கு ஒரு தெரு, வெள்ளிக்கு ஒன்று, செருப்புத் தைப்பவர்களுக்கு ஒன்று எனத் தொழிலே தெருப்பெயராயிற்று.

இனி சுவருக்கு வருவோம். நாலு குச்சியைச் சதுரமாக வைத்து, மூலைக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சாய்ந்து படுத்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே இன்னொரு குச்சி வைத்துக் குத்திவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. வேலிப் படலுக்குக் குறுக்குக் கம்பு கட்டியவர்களுக்கு இது தெரியும்.

பைஷா வீடுகளின் தரைத்தளம் கல் வளைவு. அதற்கு மேலுள்ள உட்சுவர்களில் மரச்சட்டங்கள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. கட்டத்துக்குள் பெருக்கல் குறிபோல இரண்டு குறுக்குச் சட்டங்கள். இடைவெளியில் உடைகல்லும் சுண்ணாம்பும். பூசிவிட்டால் சாதாரணச் சுவர்தான். இதற்குப் பெயர் 'கயோலா'. போர்ச்சுகீசியத்தில் பறவைக்கூண்டு என்று பொருள். கல்லுக்கு இழுவிசை ஆகாது, மரம் தாங்கும். குலுக்கலின் ஆற்றல் மூட்டுகளின் உராய்விலும் அடைகல்லின் விரிசலிலும் கரைந்துபோகும். வெளிச்சுவர் பெயர்ந்து தெருவில் விழுந்தாலும், தளங்களைக் கூண்டு பிடித்து நிறுத்தும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டு ஒன்றைக் கட்டி, சுற்றிலும் சிப்பாய்களை அணிவகுத்து மிதிக்கவிட்டுச் சோதித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. பிற்காலத்தில், இடித்த வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த சுவர்களை லிஸ்பன் ஆய்வுக்கூடத்தில் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தபோது, அவை வளைந்து கொடுத்தன, பொலபொலவென்று உதிரவில்லை.

ஆனால் இந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் குடியிருந்தவர்கள் சும்மா இருந்தார்களா? மேலே ஒரு மாடி ஏற்றினார்கள், கடையை விரிவாக்கச் சுவரை எடுத்தார்கள், குளியலறைக் குழாய்க்காகக் குறுக்குச் சட்டத்தை அறுத்தார்கள். எந்த வீட்டில் கூண்டு முழுசாக இருக்கிறது என்பது பூச்சைப் பெயர்த்தால்தான் தெரியும்.

அடித்தளமும் மரம்தான். அங்கே மண் ஆற்று வண்டல், தோண்டினால் தண்ணீர். அதில் பைன் முளைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்கு ஆக்சிஜன் எட்டாது, எட்டாதவரை உளுக்காது. கொர்ரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் அகழ்ந்த இடத்தில் இந்த முளைகளைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ரோமானியர் மீன் உப்பிட்ட தொட்டிகளும் கிடக்கின்றன. பைஷாவின் நிலத்தடி நீர் இறங்கினால் முளைகளின் தலை காயும். லிஸ்பன் பொறியாளர்கள் நிலநடுக்கத்தோடு நீர்மட்டத்தையும் நினைத்துக் கவலைப்படுவது அதனால்தான்.