புள்ளியை இழுத்தால் கோணம் மாறுமா?

ஆலுவாவில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் ஜியோஜீப்ரா என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்ளும். கேரளத்தின் கணக்குப் பாடப்புத்தகங்களிலேயே அந்த மென்பொருளில் வரைந்து பார்க்கும் பயிற்சிகள் உண்டு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பாடத்திட்டம்தான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று வருகிற பக்கத்திலும் பெரும்பாலும் இதைத்தான் காணலாம்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய மென்பொருள் இது. படத்தையும் அதன் எண்களையும் ஒரே திரையில் காட்டும்; பள்ளிகளுக்கு இலவசம். கேரளத்தின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் அதே 2001-ல் பிறந்ததுதான். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை நம்பி வளர்ந்த அந்தத் திட்டம் 2017-ல் ‘கைட்’ நிறுவனமானது. 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில், எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுப்பது என்று இறங்கினார்கள். கருவி வந்துவிட்டது. அதை வைத்து என்ன கேட்கிறோம் என்பதில்தான் என் அக்கறை எல்லாம்.

ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டம், மையம் O. அதில் AB என்று ஒரு நாண். மையத்தில் அது தாங்கும் கோணம் 100° என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வில்லின் மேல் P என்று ஒரு புள்ளி வைத்து, A, B இரண்டோடும் சேர்த்தால் P-யில் உண்டாகும் கோணம் 50°. கரும்பலகையில் ஆசிரியர் கவராயத்தால் ஒரு படம் போடலாம், மிஞ்சினால் இரண்டு. திரையிலோ P-யைப் பிடித்து வில்லின் மேல் இழுத்துக்கொண்டே போகலாம். முக்கோணம் சாய்கிறது, ஒடுங்குகிறது. 50 மட்டும் அசையாமல் நிற்கிறது.

இழுப்பதற்கு முன்பே ஆசிரியர் கேட்டுவிட வேண்டும்: “கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?” ஊகத்தை நோட்டில் எழுதிவிட்ட பிள்ளை திரையைப் பார்க்கும் பார்வையே வேறு. கேட்காமல் இழுத்துக் காட்டினால் அது சினிமா பார்ப்பதுபோலத்தான்.

இன்னும் இழுங்கள். P, B-யைத் தாண்டிச் சின்ன வில்லுக்குப் போனதும் 50 சட்டென்று 230 ஆகிவிடும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று பிள்ளைகள் கத்துவார்கள். கெடவில்லை. ஜியோஜீப்ரா கோணத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் அளக்கிறது. அதனால் வெளிப்பக்கக் கோணம் விழுந்திருக்கிறது. 360-லிருந்து 230-ஐக் கழித்தால் 130. பழைய 50-உடன் கூட்டினால் 180. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைப் பற்றிய தேற்றம் தானாக வந்து நிற்கிறது! அமைப்பில் போய் 0°–180° என்று மாற்றிவிட்டு அவசரமாக நகர்ந்துவிடும் ஆசிரியர் இந்த நல்ல இடத்தை இழந்துவிடுகிறார்.

ஆனாலும் திரையில் பார்த்தது நிரூபணம் ஆகிவிடாது. அங்கே தெரிவது சில தசம இடங்களுக்கு முழுதாக்கிய எண்தான். ஏன் பாதி என்பதற்குப் பென்சில் வேண்டும். P, O இரண்டையும் சேர்த்துக் கோட்டை O-வுக்கு அப்பால் நீட்டுங்கள். OA, OP, OB மூன்றும் ஆரங்கள்; ஆகவே இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். ஒவ்வொன்றிலும் O-வில் உள்ள வெளிக்கோணம், P-யில் உள்ள கோணத்தைப் போல இரு மடங்கு. இரண்டையும் கூட்டினால் முடிந்தது. A, B இரண்டும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்.

இப்படி ‘ஏன்’ என்று விளக்கி எழுதும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் மலையாளத்திலேயே எழுதிய ‘யுக்திபாஷா’, சங்கமகிராம மாதவன் வழிவந்த கணிதத்தைக் காரணங்களோடு சொல்கிறது. வட்டத்தின் சுற்றளவைக் காணும் முடிவில்லாத் தொடர் அதில் நிரூபணத்தோடு இருக்கிறது.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஜியோஜீப்ரா செல்போனிலும் ஓடும். வட்டம் வரையுங்கள், அதன் மேல் மூன்று புள்ளிகள் வையுங்கள், கோணக் கருவியை எடுத்து A, P, B என்று வரிசையாகத் தொடுங்கள். பெரிய எண் வந்தால் B, P, A என்று மாற்றித் தொட்டால் சரியாகிவிடும். பிறகு போனைப் பிள்ளை கையில் கொடுக்குமுன், ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து அதன் ஊகத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.