முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தர மதிப்பீடு: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் தரத்தை அதன் கட்டடத்தைக் கொண்டோ, அங்கு நிகழும் இறப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டோ மட்டும் முடிவு செய்ய இயலாது. முதியவர் எந்நிலையில் வந்து சேர்ந்தார் என்னும் பதிவு இருந்தால்தான், அதன்பின் அவருக்கு நேர்ந்தவை பராமரிப்பின் விளைவா, நோயின் விளைவா என்று பிரித்தறிய முடியும். இக்கட்டுரை, சேர்க்கை நாள் பதிவே தர மதிப்பீட்டின் அடித்தளம் என்பதை நிறுவுகிறது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்பகுதிக் குடும்பங்கள் அதனைக் கையாளத்தக்க வழிகளையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதியோர் இல்லம், பராமரிப்புத் தரம், சேர்க்கை நாள் பதிவு, படுக்கைப்புண், பாலேஸ்வரம், முறைப்பணி.

முன்னுரை

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலையும் இயங்கத் தொடங்கின. ஏரிப்பாசன வேளாண்மையைச் சார்ந்திருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் முறைப்பணி ஊர்களாயின. மின்னணு ஆலைகளின் பணியாளர்களில் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைக் கவனித்துக்கொள்வது மகளின் அல்லது மருமகளின் பொறுப்பு என்றே தமிழ்க் குடும்பம் நெடுங்காலம் கருதிவந்தது. அம்மகளும் மருமகளும் இன்று ஆலைப் பேருந்துக்குக் காத்திருக்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். இவ்விகிதம் 2021இல் 13.6 விழுக்காட்டை எட்டும் என மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு மதிப்பிட்டது. எனவே, பெற்றோரை இல்லத்தில் சேர்க்கலாமா என்னும் வினாவோடு, எந்த இல்லம் தரமானது என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவும் இக்குடும்பங்கள் முன் நிற்கிறது.

ஒரே சொல், வேறுபட்ட பொருள்

மேலைநாடுகளில் ‘நர்சிங் ஹோம்’ என்பது தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத முதியவர்கள் நெடுங்காலம் தங்கும் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் அதே பெயர்ப்பலகை, மகப்பேறும் அறுவைச் சிகிச்சையும் நடைபெறும் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. முதியவர் நிலையாகத் தங்கும் இடம் இங்கு ‘முதியோர் இல்லம்’ எனப்படுகிறது.

இப்பெயர் வேறுபாடு சட்டத்திலும் எதிரொலிக்கிறது. சிறிய மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. முதியோர் இல்லங்களோ, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, அதன் கீழ் 2009இல் வகுக்கப்பட்ட தமிழ்நாடு விதிகள் ஆகியவற்றின் வழியே சமூக நலத்துறையின் பார்வையில் உள்ளன. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்திற்குக் குறைந்தது ஓர் இல்லமேனும், வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க வகையில் அமைக்கப்படலாம் என்கிறது. இல்லங்களுக்கான தரங்களையும் மருத்துவக் கவனிப்புக்குத் தேவையான சேவைகளையும் வகுக்கும் பொறுப்பை அது மாநில அரசிடம் விடுகிறது.

பக்கவாதத்தால் படுத்திருப்பவர், மறதிநோய் முற்றியவர், குழாய் வழியே உணவு பெறுபவர் ஆகியோர் இவ்விரு வகை நிறுவனங்களுக்கும் இடைப்பட்ட நிலையினர். மருத்துவமனைக்கு அவர்கள் நெடுநாள் நோயாளிகள். முதியோர் இல்லத்திற்கோ அதன் ஆற்றலை மீறிய கவனிப்பு தேவைப்படுவோர். பராமரிப்பு இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்க முற்பட்ட திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டதாயினும் அந்த மக்களவையின் காலத்திற்குள் சட்டமாகவில்லை.

தரத்தின் மூன்று கூறுகள்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளக்கும் முறையை அவேடிஸ் டோனபீடியன் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்தார். கட்டடம், படுக்கை, பணியாளர் எண்ணிக்கை ஆகியன அமைப்பு. உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்பது செயல்முறை. அதனால் முதியவருக்கு என்ன ஆயிற்று என்பது விளைவு.

பார்வையிட வருவோர் கண்ணில் முதலில் படுவது அமைப்பே. பளிங்குத் தரையும் வரவேற்பறையும் ஒரே நாளில் காட்டிவிடக்கூடியவை. செயல்முறையைக் காண நேரம் வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவரை வழக்கமாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பர். இரவு இரண்டு மணிக்கு அது நிகழ்கிறதா என்பதை வரவேற்பறை சொல்லாது. அதைச் சொல்வது முதியவரின் முதுகும் குதிகாலும்தான். படுக்கைப்புண் என்பது செயல்முறையின் குறை உடலில் எழுதிய பதிவு.

விளைவோ எளிதில் தவறாக வாசிக்கப்படுவது. இதற்கு இத்தொழில்பகுதியின் தெற்கே, அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் நிகழ்ந்த ஒன்றே சான்று.

பாலேஸ்வரம் தரும் பாடம்

2018 பிப்ரவரியில், உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள பாலேஸ்வரத்தில் இயங்கிய ஆதரவற்ற முதியோர் இல்லம் ஒன்றின் வாகனத்தில், உயிருள்ள முதியவர்களுடன் சடலம் ஒன்றும் ஏற்றிச் செல்லப்பட்டது தெரியவந்தது. அதிகாரிகள் ஆய்வு மேற்கொண்டனர். அங்கு நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கையும், சடலங்கள் சுவரில் அமைந்த காங்கிரீட் அறைகளில் வைக்கப்பட்ட முறையும் மாநிலம் முழுவதும் பேசப்பட்டன. அங்கிருந்தோர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது. தெருவோரங்களிலிருந்து இறக்கும் தறுவாயில் மீட்கப்பட்டோரையே ஏற்றுக்கொண்டதாக அது வாதிட்டது.

அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது எழுப்பும் அளவீட்டுச் சிக்கலே இங்குக் கருதத்தக்கது. இறக்கும் தறுவாயில் இருப்போரை மட்டும் ஏற்கும் இல்லத்தில் இறப்புகள் மிகுதியாக இருப்பது இயல்பு. நல்ல நிலையில் உள்ளோரை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் இல்லத்தில் இறப்புகள் குறைவாக இருப்பதும் இயல்பே. முன்னது கொடிய இல்லம் என்றோ, பின்னது சிறந்த இல்லம் என்றோ எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் கூற இயலாது. வந்த நாளில் ஒவ்வொருவரும் எந்நிலையில் இருந்தார் என்பதை மருத்துவர் ஒருவர் எழுதிவைத்த பதிவு வேண்டும். அது இல்லாதவிடத்துக் குற்றச்சாட்டையும் மெய்ப்பிக்க இயலாது. மறுப்பையும் மெய்ப்பிக்க இயலாது. தவறு செய்யும் இல்லம் தப்பிக்கும். நேர்மையான இல்லம் பழி சுமக்கும். இரண்டிலும் இழப்பு முதியவருக்கே.

சேர்க்கை நாள் பதிவு

இப்பதிவுக்குப் பெருஞ்செலவோ கருவியோ தேவையில்லை. பின்வரும் ஐந்து செய்திகள் அதன் உயிர்நாடி.

1. உடல் எடை. முதியோர் பராமரிப்பில் ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, ஆறு மாதங்களில் 10 விழுக்காடு எடைக்குறைவு எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்படுகிறது. 60 கிலோ எடையுடன் சேர்ந்தவர் ஒரு மாதத்தில் 57 கிலோவாக இளைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். சேர்ந்த நாளின் எடை எழுதப்படாவிடில் இக்கேள்வியே எழாது.

2. தோலின் நிலை. முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் ஏற்கெனவே புண் உள்ளதா என்று பார்த்து எழுத வேண்டும். பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு ஆகிய ஆறு கூறுகளைக் கொண்டு 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் குறையக் குறையப் படுக்கைப்புண் வரும் வாய்ப்பு கூடும். 18ம் அதற்குக் கீழும் இடர் நிலையாகக் கருதப்படுகின்றன.

3. அன்றாடச் செயல்திறன். உண்ணல், குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், நடத்தல் முதலிய பத்துச் செயல்களைக் கொண்டு, 1965இல் வெளியான பார்தெல் குறியீடு 0 முதல் 100 வரை அளவிடுகிறது. நடந்து வந்தவர் எப்போது, ஏன் நடக்க இயலாதவரானார் என்பதற்கு இது விடை தரும்.

4. மருந்துகள். எதற்காக, எவ்வளவு, யார் எழுதிக்கொடுத்தது என்பன. பின்னர்ச் சேர்க்கப்படும் தூக்க மருந்தும் மனநோய் மருந்தும் தனிக் கவனத்திற்கு உரியவை. பணியாளர் குறைவை மருந்தால் ஈடுகட்டும் வழக்கம் உலகெங்கும் கண்டறியப்பட்ட ஒன்று.

5. நினைவும் பேச்சும். தம் குறையைத் தாமே சொல்ல வல்லவரா என்பது. சொல்ல இயலாதவருக்கு வருகையாளரின் கண்ணே சாட்சி.

இவற்றை எழுதி, நாளிட்டு, இல்லப் பொறுப்பாளரும் குடும்பத்தாரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பதிவேட்டின் நம்பகத்தன்மை

பதிவேடு இருப்பது மட்டும் போதுமா என்னும் ஐயத்திற்கு அமெரிக்க அனுபவம் விடை தருகிறது. இல்லங்களின் நிலை குறித்து 1986இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1987இல் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. தண்டனையாகவோ பணியாளரின் வசதிக்காகவோ முதியவரைக் கட்டிவைப்பதை அது தடுத்தது. ஒவ்வொருவரின் நிலையையும் ஒரே படிவத்தில் மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. 2008 டிசம்பரில் இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திரத் தரவரிசை வெளியிடப்பட்டது. அதில் பணியாளர் எண்ணிக்கை முதலியவை இல்லங்கள் தாமே அளித்த தகவல்கள். நேரடி ஆய்வில் குறைந்த மதிப்புப் பெற்ற இல்லங்களும் தம் அறிக்கையால் உயர்ந்த நட்சத்திரம் பெற முடிந்தது. அதனால் 2018இல் பணியாளர் கணக்கு ஊதியப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படலாயிற்று. தன்னைப் பற்றித் தானே எழுதும் பதிவேட்டை வேறொரு சான்றோடு ஒப்பிட வேண்டும் என்பதே இதன் பாடம்.

முறைப்பணியாளர் என்னும் சாட்சி

தொழில்பகுதிக் குடும்பங்களின் வாழ்க்கைமுறை இங்கு எதிர்பாராத வகையில் துணைசெய்கிறது. அலுவலக நேரப் பணியாளர் ஞாயிறு மாலையில் மட்டுமே வர இயலும். அந்நேரத்திற்கு இல்லமும் ஆயத்தமாக இருக்கும். இரவு முறை முடிந்து விடியலில் வெளிவரும் தொழிலாளி, விழித்திருக்கும் பணியாளர் எத்தனை பேர், ஈரத்துணி மாற்றப்பட்டதா, அழைப்பவருக்கு யார் செல்கிறார் என்பவற்றை நேரில் காண முடியும். பிற்பகல் முறைக்குச் செல்பவர் காலையுணவு வேளையில் சென்று, ஊட்டிவிடப்படுகிறதா, தட்டு மட்டும் வைக்கப்படுகிறதா என்று பார்க்கலாம். முன்னறிவிப்பற்ற வருகையை எந்நேரத்திலும் ஏற்கும் இல்லம் தன் தரத்திற்குத் தானே சான்றளிக்கிறது. மறுக்கும் இல்லத்திடம் காரணம் கேட்பது குடும்பத்தின் உரிமை.

ஆதரவற்றோருக்கு இத்தகைய சாட்சி இல்லை. அவர்களுக்காக வருவது மாவட்ட நிர்வாகத்தின் ஆய்வு மட்டுமே. ஆகவே அவ்வாய்வு கட்டடச் சான்றிதழையும் தீயணைப்புச் சான்றிதழையும் சரிபார்ப்பதோடு அமையாமல், சேர்க்கை நாள் பதிவையும் அன்றைய உடல்நிலையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதாக இருத்தல் வேண்டும். முதியோர் முறையீடுகளுக்கான 14567 என்னும் தேசிய உதவி எண்ணையும் இல்லங்களின் சுவரில் எல்லோரும் காணும்படி எழுதிவைக்கலாம்.

முடிவுரை

பராமரிப்பின் தரம் இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட மாற்றத்தில் வெளிப்படுகிறது. ஒரு நாள் பார்வையில் முழுமையாக வெளிப்படுவதில்லை. அம்மாற்றத்தை அளக்க முதல் நாளின் அளவு வேண்டும். அமைப்பைப் பார்த்து மயங்காமலும், விளைவை மட்டும் பார்த்துப் பழிசுமத்தாமலும், செயல்முறையை வேளையறிந்து காண்பதற்குச் சேர்க்கை நாள் பதிவே துணை. உறவினர் உள்ள முதியவருக்குக் குடும்பமும், உறவற்றவருக்கு அரசும் அப்பதிவைக் கேட்டுப் பெற வேண்டும். மாநில விதிகளில் அது கட்டாயமாக்கப்படின், தரமான இல்லத்தையும் தரமற்ற இல்லத்தையும் பிரித்தறிய வதந்தியும் பரபரப்பும் தேவைப்படா.