வீட்டுக்குப் பணம் உண்டு, மனை எங்கே?

சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் பிரிகிறது. சாலையோரம் மல்லாட்டை விளைந்த கொல்லைகள் கொடி கட்டிய மனைப்பிரிவுகளாகிவிட்டன. அந்தக் கொல்லையில் களை எடுத்தவர்களுக்கு இன்று அதில் ஒரு சென்ட்கூட எட்டாது.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் வீடு கட்டச் சொந்த மனை வேண்டும். நம் காலனிகளில் தாத்தா பெயரில் ஒரு பட்டா, அதில் ஒழுகும் ஒரு தொகுப்பு வீடு, அதற்குள் மகன், பேரன் என்று மூன்று குடும்பம். சென்ட் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் 3 சென்ட் மனைக்கு 3 லட்சம் வேண்டும். கூலி வேலை செய்பவர் எங்கே போவார்?

நிலவிலை ஏறும் ஊரில் ஏழைக்கு வீடு என்பது நிலத்தில்தான் தொடங்குகிறது. அந்த நிலத்தை அரசுதான் எடுத்துத் தர முடியும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டின் 31ஆவது தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. 2019இல் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்த அச்சட்டத்துக்குச் சட்டப்பேரவை அதே ஆண்டில் மீண்டும் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1892இல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் இருக்கின்றன. அவற்றை ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது.

விலை ஏறிய பகுதியிலும் இது முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. புதுச்சேரியையும் ஆரோவில்லையும் ஒட்டிய வானூர் ஒன்றியத்தின் கொழுவாரியில் 100 வீடுகள் கொண்ட சமத்துவபுரம் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1997இல் தொடங்கிய அத்திட்டத்தின் விதிப்படி 100 வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு. மற்றவை பிற சாதியினருக்கு. ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடு அங்கே கிடையாது.

விலை குறைவு என்பதற்காக ஏரிக்கரையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் மனை ஒதுக்குவது தீர்வாகாது. பள்ளிக்கும் பேருந்துக்கும் வேலைக்கும் பக்கத்தில் இடம் வேண்டும்.

படிக்கும் பிள்ளைகளே, உங்கள் காலனியில் ஒரே கூரையின் கீழ் எத்தனை குடும்பம், மனை இல்லாதவர் யார் யார் என்று வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள். கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மிச்சமிருக்கும் கொல்லையும் மனைப்பிரிவாக மாறுவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.