தண்ணிக் குழாயா இது?

அப்பா விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் கார், பினாங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. வானொலி நிலையத்துக்கு நான் போய் வருவது மைவியில்தான். மைனர் வார இறுதிக்கு மட்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, அதன் இடது பின்சக்கரத்தின் அருகே ஐம்பது சென் நாணயம் அளவு ஈரம். தொட்டேன். எஞ்சின் எண்ணெய்போல் கறுப்பாக இல்லை, இளமஞ்சளாக இருந்தது. உள்ளே ஏறி பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

முந்தின நாள்தான் மகனை உட்கார வைத்துக்கொண்டு பாலிக் பூலாவ் மலைச்சாலையில் இறங்கி வந்திருந்தேன். கை நடுங்கிவிட்டது.

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான வண்டி இது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. இன்றைய கார்களில் பாதை இரண்டு. ஒன்று போனாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். மைனரில் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு, கைப்பிரேக்தான் மிச்சம்.

ஒரு பட்டறையில் கேட்டபோது, "வெள்ளை டேப் ரெண்டு சுத்து சுத்தி முறுக்கிடலாம்" என்றார்கள். நல்லவேளை, ஆயர் ஈத்தாமில் இருக்கும் அப்பாவின் நண்பருக்கும் போன் செய்தேன். ஓய்வு பெற்ற மெக்கானிக்.

"ஏம்மா, தண்ணிக் குழாயா இது?" என்று சத்தம் போட்டார்.

வந்து காட்டினார். பிரேக் பைப்பின் முனை புனல்போல் விரிந்திருக்கும். நட்டை முறுக்கும்போது அந்த விரிந்த வாய் எதிரே உள்ள உலோகத்தில் அழுந்தி உட்காரும். கசிவை அடைப்பது அந்த இடம்தான். மரையின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. அதில் டேப் சுற்றிப் பயனில்லை. பிய்ந்த துணுக்கு உள்ளே போய்த் துவாரத்தை அடைத்தால் இன்னும் ஆபத்து. பசையும் ஆகாது. பெயிண்டையே உரிக்கும் எண்ணெய் பசையை விட்டுவைக்குமா?

முதலில் நட்டைத் துடைத்து, தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பார்த்தோம். சில சமயம் அதிலேயே சரியாகிவிடுமாம். எங்களுக்கு ஆகவில்லை. கழற்றினால், விரிந்த வாயில் மயிரிழை வெடிப்பு, பைப்பில் துரு. இன்னும் முறுக்கியிருந்தால் வெடிப்புதான் பெரிதாகியிருக்கும்.

செம்பு-நிக்கல் பைப் வாங்கி, முனையை விரித்தோம். விரிப்பிலும் வகைகள் உண்டு. பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஆர்வக்கோளாறில் நட்டை மாட்டாமலே ஒரு முனையை விரித்துவிட்டேன். வெட்டிவிட்டு மறுபடி!

டாட் 4 எண்ணெய் புது டின்னில்தான் ஊற்ற வேண்டும் என்றார் அங்கிள். புதிதாக இருக்கையில் அது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றினோம். பிறகு நான் மிதியை அழுத்திப் பிடிக்க, அவர் ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தார். மிதி இறங்கவில்லை. இரவு வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தோம்.

அட்டை இன்னும் அங்கேயே கிடக்கிறது. தினமும் அதை இழுத்துப் பார்த்த பிறகுதான் அம்மா பசியாறுகிறார்.